அமோவும் அவர் உடன்பிறந்தவரும்: ஐரோப்பாவில் ஓர் ஆப்பிரிக்க மெய்யியலாளரின் வாழ்வு

பதினெட்டாம் நூற்றாண்டில், இன்றைய கானாவின் மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த ஒரே குடும்பத்தின் இரண்டு ஆண் பிள்ளைகள் கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்டனர். ஒருவர் தென் அமெரிக்காவிலிருந்த டச்சுக் குடியேற்றமான சுரிநாமில் அடிமையானார். மற்றொருவர் ஜெர்மனிக்குச் சென்று, இலத்தீன் மொழியில் நூல்கள் எழுதி, மூன்று பல்கலைக்கழகங்களில் மெய்யியல் கற்பித்தார். முதலாமவரின் பெயரைக்கூட வரலாறு காத்துவைக்கவில்லை. இரண்டாமவர் ஆன்டன் வில்ஹெல்ம் அமோ.

அமோவின் வாழ்வு பெரும்பாலும் திறமையின் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. இருண்ட காலத்திலும் அறிவு தன் வழியைக் கண்டுகொள்ளும் என்பதற்கு அவர் சான்றாக நிறுத்தப்படுகிறார். அந்த வாசிப்பில் சுரிநாமின் உடன்பிறந்தவருக்கு இடமில்லை. அவரையும் அருகில் வைத்துக்கொண்டே அமோவை வாசிக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். அப்போதுதான் அமோ தம் முதல் ஆய்வுரையில் எழுப்பிய கேள்வியின் கனம் நமக்கு விளங்கும்.

அமோ பிறந்தது 1703ஆம் ஆண்டு வாக்கில், ஆக்சிம் என்னும் கடற்கரை ஊரை ஒட்டிய பகுதியில். நிசெமா மக்கள் வாழும் நிலம் அது. தங்கம் கிடைத்ததால் ஐரோப்பியர் அக்கரையைத் தங்கக் கடற்கரை என்று அழைத்தனர். ஆக்சிமில் போர்த்துகீசியர் கட்டிய கோட்டையை 1642இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். தங்கத்துக்காக வந்தவர்கள் காலப்போக்கில் மனிதரையும் விலைபேசினர். அவ்வாணிகத்தை நடத்தியவற்றுள் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி முதன்மையானது. 1707ஆம் ஆண்டு வாக்கில், ஏறத்தாழ நான்கு வயதுக் குழந்தையாக அமோ அக்கம்பெனியின் வழியாகவே ஆம்ஸ்டர்டாம் கொண்டுவரப்பட்டார். அங்கிருந்து ஜெர்மானியச் சிற்றரசுகளுள் ஒன்றான பிரவுன்ஷ்வைக்-வொல்ஃபன்பூட்டலின் கோமகன் ஆன்டன் உல்ரிஷிடம் ஒப்படைக்கப்பட்டார்.

ஐரோப்பிய அரண்மனைகளில் அன்று கறுப்பினச் சிறுவர்களை வைத்துக்கொள்வது செல்வத்தின் அடையாளம். ‘மூர்கள்’ என்று அவர்களை அழைத்தனர். பட்டாடை உடுத்தி, தலைப்பாகை கட்டி, விருந்தினர் முன் தட்டேந்தி நிற்பது அவர்களின் வேலை. எஜமானரின் ஓவியங்களில் அவர்கள் ஒரு மூலையில் இடம்பெறுவார்கள். ஓவியத்தின் தலைப்பில் அவர்களுடைய பெயர் இருக்காது. பட்டினி இல்லாத வாழ்க்கைதான் என்றாலும், அங்கு அவர்கள் ஆளாக அன்றி அலங்காரமாகவே வைக்கப்பட்டிருந்தார்கள்.

குழந்தைக்குச் சால்ட்ஸ்டாலும் அரண்மனைத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கோமகனின் பெயரிலிருந்து ஆன்டன் என்பதையும், அவர் மகன் ஆகஸ்ட் வில்ஹெல்மின் பெயரிலிருந்து வில்ஹெல்ம் என்பதையும் சூட்டினார்கள். யாருடைய வீட்டைச் சேர்ந்தவர் என்பதை அறிவிக்கும் பெயர் அது. அமோ என்பது மட்டும் பிறந்த மண்ணின் பெயராக எஞ்சியது. பிற்காலத்தில் தம் நூல்களின் முகப்பில் அவர் கினிய ஆப்பிரிக்கர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைத் தம் பெயருடன் சேர்த்துக்கொண்டார். கொடுக்கப்பட்ட பெயரை அவர் துறக்கவில்லை. பறிக்கப்பட்ட ஊரை அதன் பக்கத்தில் எழுதிவைத்தார்.

வொல்ஃபன்பூட்டல் அரசவை கல்வியை மதித்த அரசவை. ஐரோப்பாவின் பெரும் நூலகங்களுள் ஒன்று அங்கிருந்தது. மெய்யியலாளர் லைப்னிஸ் 1716இல் இறக்கும்வரை அதன் நூலகராக இருந்தார். அச்சூழலில் வளர்ந்த அமோவுக்குக் கல்வி கிடைத்தது. அரசவைக் கணக்குகளில் அவருக்கு அளிக்கப்பட்ட தொகைகள் பதிவாகியுள்ளன. சுரிநாமின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஆப்பிரிக்கரின் பெயர்களும் கணக்கேடுகளில்தான் இருந்தன. அங்கே அவர்கள் சரக்குகளின் வரிசையில் எழுதப்பட்டார்கள்.

1727 ஜூன் மாதம் அமோ ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஹாலே தமிழருக்கு அறிமுகமான பெயர்தான். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அந்நகரின் சமயச் சூழலில் உருவானவர்; தரங்கம்பாடியிலிருந்து எழுதப்பட்ட அறிக்கைகள் அச்சேறிய இடமும் அதுவே. அந்நகரில் ஒரு பக்கம் கடும் பக்தி இயக்கமும் மறுபக்கம் புதிய பகுத்தறிவு மெய்யியலும் மோதிக்கொண்டிருந்தன. சீனரின் ஒழுக்கவியலைப் புகழ்ந்து பேசிய கிறிஸ்தியான் வோல்ஃப் என்ற பேராசிரியர் 1723இல் அங்கிருந்து துரத்தப்பட்டிருந்தார். கிறித்தவம் அல்லாத மக்களிடமும் அறம் உண்டு என்று சொன்னதே அவர்மீதான பெருங்குற்றங்களுள் ஒன்று. அத்தகைய நகரில்தான் அமோ சட்டம் பயிலத் தொடங்கினார்.

1729 நவம்பரில், பல்கலைக்கழகத்தின் சட்ட அறிஞர் லூடேவிக் தலைமையில், அமோ தம் முதல் ஆய்வுரையை அவைமுன் வைத்து வாதிட்டார். அதன் பொருள் ஐரோப்பாவில் மூர்களின் உரிமை. கிறித்தவர்கள் விலைகொடுத்து வாங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் சுதந்திரம் சட்டப்படி எவ்வளவு, அடிமைநிலை எவ்வளவு என்று அவர் ஆராய்ந்தார். ஆப்பிரிக்க அரசர்கள் ஒரு காலத்தில் ரோமப் பேரரசரிடமிருந்து அரசுரிமைப் பட்டயம் பெற்றவர்கள் என்று வரலாற்றிலிருந்து எடுத்துக்காட்டினார்.

இவ்வாதம் இன்று நமக்குப் பழம்பாடமாகத் தோன்றலாம். அன்றைய அவையில் அதற்குக் கூர்மை உண்டு. ஜெர்மானிய நாடுகள் தம்மைப் புனித ரோமப் பேரரசு என்றே அழைத்துக்கொண்டன. ரோமச் சட்டத்தின் வாரிசுகள் தாமே என்று உரிமை கொண்டாடின. நீங்கள் ரோமின் வாரிசுகள் என்றால், ரோம் எங்களுக்கு அளித்த தகுதிக்கும் நீங்களே பொறுப்பு என்பது அமோவின் வாதத்தின் உட்பொருள். இரக்கத்தை வேண்டி அவர் அந்த அவைமுன் நிற்கவில்லை. ஆளுவோர் தமக்குப் பெருமையாகக் கருதிய அதே சட்டத்தை எடுத்து அவர்கள்முன் விரித்தார்.

நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். அமோ அப்போது இருபத்தாறு வயது மாணவர். கோமகனின் குடும்பம் அவரைக் காத்தது. பேராசிரியர்கள் அவரை மதித்தனர். தம் சொந்த நிலை குறித்து அவர் முறையிட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆயினும் முதன்முதலாகக் கிடைத்த மேடையில், தமக்குக் கிடைத்த வாய்ப்பைப் புகழாமல், வாங்கப்பட்ட எல்லா ஆப்பிரிக்கரின் சட்டநிலை என்ன என்று கேட்டார். தாம் பெற்றிருப்பது ஒரு வீட்டாரின் தயவு என்பதும், தயவு எல்லோருக்கும் பொதுவாகாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆய்வுரை இன்று இல்லை. ஹாலேயில் வெளிவந்த ஒரு வார இதழின் குறிப்பிலிருந்துதான் அதன் சாரத்தை அறிகிறோம். அமோவின் மற்ற இலத்தீன் படைப்புகள் காக்கப்பட்டன. மனத்தைப் பற்றி எழுதியவை இருக்கின்றன. தர்க்கத்தைப் பற்றி எழுதியது இருக்கிறது. உரிமையைப் பற்றி எழுதியது இல்லாமல் போயிற்று.

1730இல் அமோ விட்டன்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அதே ஆண்டு அக்டோபரில் மெய்யியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். மருத்துவமும் உடலியலும் அங்கே அவர் கவனத்தை ஈர்த்தன. 1733இல் சாக்சனியின் புதிய ஆட்சியாளர் நகருக்கு வந்தபோது, அவரை வரவேற்ற மாணவர் அணிவகுப்பின் முன்னே அமோ சென்றார். அரண்மனையில் தட்டேந்தி நிற்கவென்று கொண்டுவரப்பட்ட மக்களில் ஒருவர், ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் படைக்கு முன்னணியில் நடந்தார். அக்காட்சியின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

1734 ஏப்ரலில் வெளிவந்த ஆய்வுரைதான் அவருக்கு மெய்யியல் வரலாற்றில் இடம் தந்தது. மனித மனம் உணர்ச்சிக்கு ஆட்படுமா என்பது அதன் கேள்வி. பருப்பொருள் அல்லாத மனம் எதனாலும் தாக்கப்படுவதில்லை; வெப்பத்தையும் வலியையும் உணர்வது உயிருள்ள உடலே; மனம் புரிந்துகொள்கிறது, செயல்படுகிறது என்பது அவருடைய முடிவு. உடலுடன் சேர்ந்து மனமும் துன்புறுகிறது என்ற டேக்கார்ட்டின் கருத்தில் உள்முரண் இருப்பதாக அவர் பெயர் சுட்டியே மறுத்தார்.

அமோ ஆப்பிரிக்கர் என்பதால் இந்நூலையும் அவருடைய சொந்த வலியின் மறைமொழியாக வாசிக்கும் ஆவல் பலருக்கு எழுவதுண்டு. நாம் அதைத் தவிர்ப்பது நல்லது. டேக்கார்ட் மனத்தைப் பற்றி எழுதினால் அது மெய்யியல், ஆப்பிரிக்கர் ஒருவர் எழுதினால் அது வாழ்க்கைக் குறிப்பு என்று பிரிப்பதும் ஒருவகை ஒதுக்கலே. ஒடுக்கப்பட்டவர் தம் காயத்தைப் பற்றி மட்டுமே பேசத் தகுந்தவர் என்ற எண்ணம் கல்விக்கூடங்களில் இன்றும் மறையவில்லை. அமோ மூர்களின் உரிமையைப் பற்றியும் எழுதினார். மனித மனம் அனைத்துக்கும் பொதுவான கேள்வியைப் பற்றியும் எழுதினார். இரண்டும் தமக்கு உரியவை என்றே அவர் கொண்டார்.

விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் தலைவர் அவரைப் பாராட்டி எழுதினார். ரோம நாடக ஆசிரியர் டெரன்ஸ், திருச்சபைத் தந்தையர் தெர்த்துல்லியன், அகஸ்டின் ஆகியோரைத் தந்த ஆப்பிரிக்காவின் பழம்புகழை அதில் நினைவுகூர்ந்தார். அக்காலத்தில் அது துணிவான சொல். அமோவைத் தனி அதிசயமாக நிறுத்தாமல் ஒரு மரபின் தொடர்ச்சியாகக் கண்ட சொல். ஆனால் அந்தப் பாராட்டைப் படித்தவர்கள் ஐரோப்பியத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட அடிமைக் கப்பல்களைத் தடுத்துவிடவில்லை. ஓர் ஆப்பிரிக்கரைப் போற்றுவதும், ஆப்பிரிக்கரை விற்பதும் ஒரே நூற்றாண்டில் இடையூறின்றி நடந்தன.

1736இல் ஹாலேக்குத் திரும்பிய அமோ அங்கே விரிவுரைகள் நிகழ்த்தினார். 1738இல் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. நிதானமாகவும் துல்லியமாகவும் மெய்யியல் பயிலும் கலை அதன் பொருள். 1739இல் யேனா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். ஆனால் நிலையான பேராசிரியர் பதவி எங்கும் அமையவில்லை. அவர் நடத்திய வகுப்புகள், வாதிட்ட அவைகள், அச்சிட்ட நூல்கள் எல்லாம் அவரைப் பல்கலைக்கழகத்தின் வாசலுக்குள் வைத்திருந்தன. நாற்காலி மட்டும் தரப்படவில்லை.

இதற்கிடையே அவரைத் தாங்கிய கைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. முதல் கோமகன் ஆன்டன் உல்ரிஷ் 1714இலேயே இறந்திருந்தார். ஆகஸ்ட் வில்ஹெல்ம் 1731இல் இறந்தார். அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த லூட்விக் ருடால்ஃப் 1735இல் காலமானார். ஹாலேயில் துணைநின்ற லூடேவிக் 1743இல் மறைந்தார். புரவலர் இறந்தால் ஆதரவும் அவருடன் போய்விடுகிறது. 1729இல் அமோ சட்டத்தில் தேடியது ஏன் என்பதற்கு அவருடைய பின்வாழ்வே விளக்கமாக அமைந்தது.

1740 மே மாதம் யேனாவில் ஒரு நண்பரின் கையெழுத்துத் தொகுப்பில் அமோ ஒரு பதிவு எழுதினார். மாணவர்களும் ஆசிரியர்களும் நினைவுக்காக ஒருவர் ஏட்டில் மற்றவர் எழுதும் வழக்கம் அது. தவிர்க்க இயலாததை ஏற்றுக்கொள்ளும் அறிவைப் பற்றிய எபிக்டெடசின் கருத்தை அவர் அதற்குத் தேர்ந்தெடுத்தார். எபிக்டெடஸ் ரோமில் அடிமையாக இருந்து மெய்யியலாளரானவர். ஐரோப்பிய மெய்யியல் முழுவதையும் கற்ற ஒருவர், தம் பெயருடன் விட்டுச்செல்ல அந்த அடிமையின் சிந்தனையைத் தெரிவுசெய்தார். கையொப்பத்தில் இங்கும் ஆப்பிரிக்கர் என்ற சொல் இருந்தது.

அவர் ஐரோப்பாவை விட்டு நீங்கிய காலத்தை ஒட்டி, 1747இல், ஓர் ஏளனக் கவிதை அச்சாயிற்று. முன்பு ஹாலேயில் பேராசிரியராக இருந்த பிலிப்பி என்பவர் எழுதியது. கறுப்பின அறிஞர் ஒருவர் வெள்ளை இனப் பெண்ணைக் காதலிப்பதும், மூர் ஒருவரைத் தன்னால் நேசிக்க இயலாது என்று அவள் மறுப்பதும் அதன் கதை. அமோவின் பெயர் வெளிப்படையாகவே பயன்படுத்தப்பட்டது. இலத்தீனில் வாதிட வந்த ஆப்பிரிக்கரைப் பொறுத்துக்கொண்ட நகரம், காதலிக்கத்தக்க மனிதராக அவரை எண்ணிப் பார்ப்பதையே நகைச்சுவையாக்கியது. அவையில் இடம் தருவதற்கும் வீட்டில் இடம் தருவதற்கும் உள்ள தொலைவை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1747ஆம் ஆண்டு வாக்கில் அமோ தாம் பிறந்த கரைக்குத் திரும்பினார். அங்கேயும் அவரை முழுமையாக ஏற்கும் வீடு எளிதில் காத்திருக்கவில்லை. நான்கு வயதில் போனவர் நாற்பதைக் கடந்து வந்தார். சிந்தித்த மொழி, உண்ட உணவு, உடுத்திய உடை, தொழுத முறை யாவும் வேறு. அவரை அனுப்பிய கரையில் டச்சுக் கோட்டைகள் அப்படியே நின்றன; கப்பல்கள் இன்னும் மனிதரை ஏற்றிக்கொண்டிருந்தன.

1753இல் கலாண்டட் என்ற கப்பல் மருத்துவர் ஆக்சிமில் அவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பைப் பற்றிய செய்தி 1782இல் நெதர்லாந்தில் அச்சாயிற்று. அமோவின் இறுதிக்காலத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முக்கியச் சான்று அதுவே. அப்போது அமோவுக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. துறவியைப் போல் தனித்து வாழ்ந்தார். வருவதுரைப்பவர் என்று மக்களிடையே பெயர் பெற்றிருந்தார். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு ஆகிய மொழிகளை அறிந்திருந்தார். தந்தையும் சகோதரி ஒருவரும் அங்கிருந்து நான்கு நாள் பயணத் தொலைவில் உயிருடன் இருந்தனர். சுரிநாமில் உடன்பிறந்தவர் ஒருவர் அடிமையாக இருக்கும் செய்தியையும் கலாண்டட்டின் வழியாகவே நாம் அறிகிறோம்.

ஒரே குடும்பத்தின் மூன்று பிள்ளைகள். ஒருவர் ஊரில் இருந்தார். ஒருவர் சுரிநாமில் அடிமையாக இருந்தார். ஒருவர் டேக்கார்ட்டை மறுத்துவிட்டு வந்திருந்தார். இவர்களுக்கிடையிலான வேற்றுமையை அறிவின் அளவு தீர்மானிக்கவில்லை. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், யாருடைய கை என்பதே தீர்மானித்தது. சுரிநாமுக்குச் சென்றவர் வொல்ஃபன்பூட்டலுக்குச் சென்றிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யாரும் கேட்டதில்லை. தகுதியைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் விடைசொல்ல வேண்டிய கேள்வி அது.

பின்னர் அமோ ஆக்சிமை விட்டு, சாமா என்னும் ஊரில் டச்சுக்காரர் வசமிருந்த சான் செபஸ்தியான் கோட்டைக்குச் சென்று தங்கினார். அவ்வூரிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். மூர்களின் உரிமையை ஆராய்ந்தவரின் இறுதி இருப்பிடம், மூர்களை விற்றுவந்த வலையமைப்பின் ஒரு கோட்டையாக அமைந்தது.

கலாண்டட் அவரைச் சந்தித்த அதே 1753ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹ்யூம் தம் கட்டுரை ஒன்றின் புதிய பதிப்பில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார். வெள்ளையரல்லாத எந்த இனமும் கலையோ அறிவியலோ வளர்த்ததில்லை என்பது அதன் கருத்து. 1764இல் கான்ட் அதையே ஆதரவாகக் காட்டி, திறமை வெளிப்படுத்திய ஒரு கறுப்பினத்தவரைக்கூடக் காட்ட முடியாது என்ற தொனியில் எழுதினார். கான்ட்டின் மொழி பேசிய நாட்டிலேயே, மூன்று பல்கலைக்கழகங்களின் ஏடுகளில் அமோவின் பெயர் இருந்தது. சான்று இல்லாததால் அந்த முடிவு எட்டப்பட்டது என்று சொல்ல இயலாது. முடிவு முன்பே இருந்ததால் சான்று தேவைப்படவில்லை. 1787இல் புளூமென்பாக் என்ற ஜெர்மானிய அறிஞரும், 1808இல் பிரான்சின் அடிமைமுறை எதிர்ப்பாளர் கிரெகுவாரும் அமோவின் பெயரை எடுத்துக்காட்டி மறுப்பு எழுதினர். பின்னர் நெடுங்காலம் அவர் மறக்கப்பட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கானாவின் முதல் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ருமாவும் நிசெமா இனத்தவர். ஆக்சிமுக்கு அருகிலுள்ள ஊரில் பிறந்தவர். 1964இல் வெளியிட்ட தம் மெய்யியல் நூலில் அமோவை அவர் நினைவுகூர்ந்தார். 1965இல் ஹாலேயில் ஒரு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. அமோவின் முகம் எந்த ஓவியத்திலும் நமக்குக் கிடைக்கவில்லை. சிலையில் இருப்பது பொதுவான ஓர் ஆப்பிரிக்க ஆணும் பெண்ணும். ஹாலே பல்கலைக்கழகம் அவர் பெயரில் விருது வழங்கிவருகிறது. பெர்லினில் மூர்களின் தெரு என்று பொருள்படும் பெயர் கொண்ட வீதிக்கு அமோவின் பெயரைச் சூட்ட 2020இல் முடிவெடுக்கப்பட்டது. எதிர்ப்புகளையும் வழக்குகளையும் கடந்து 2025இல் பெயர் மாறியது. அதற்குப் பின்னால் பெர்லின் வாழ் ஆப்பிரிக்கர்களும் கறுப்பின அமைப்புகளும் பல்லாண்டு நடத்திய போராட்டம் இருந்தது. அமோவைக் காத்த கோமகன்கள் செய்யாததை, குடியுரிமையுடன் திரண்ட மக்கள் செய்தார்கள்.

இன்று ஐரோப்பிய நகரங்களில் வாழும் ஆப்பிரிக்கக் குடியேறிகளின் பிள்ளைகள் அத்தெருவில் தங்களுக்கு முன்பே அங்கு வந்துவிட்ட ஒருவரின் பெயரைப் படிக்கிறார்கள். அது பெரிய ஆறுதல்தான். ஆனால் அமோ விட்டுச்சென்ற பணி தெருப்பெயருடன் நிறைவடையாது. ஒரு நாட்டில் வாழ்வதற்கு அசாதாரண அறிவாளியாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை நீடிக்கும்வரை, அங்கே கிடைப்பது விருந்தோம்பல் மட்டுமே. சாதாரணமானவரும் அச்சமின்றி வாழும் இடத்தில்தான் உரிமை தொடங்குகிறது.

பல்கலைக்கழகத்தில் தம் வீட்டிலிருந்து முதலாவதாகக் கால்வைக்கும் ஒவ்வொரு மாணவரிடமும், நீ மற்றவர்களைப் போல் இல்லை என்று யாரேனும் ஒருவர் பாராட்டாகச் சொல்வார். அந்தப் பாராட்டை ஏற்பது எளிது. ஏற்றுக்கொண்டால் வழிகளும் திறக்கலாம். அமோவிடம் அதைச் சொன்னவர்கள் அரசர்களும் பேராசிரியர்களும். அவர் தம் முதல் ஆய்வுரையில் அந்த மற்றவர்களைப் பற்றித்தான் எழுதினார். அந்தப் பக்கங்கள் தொலைந்துவிட்டன. அவற்றில் இருந்த கேள்வி சுரிநாமில் பெயரில்லாமல் இறந்தவரின் பொருட்டு இன்னும் விடைக்காகக் காத்திருக்கிறது.